பேனருக்குப் பின்னால் என்ன இருக்கிறது? வடசென்னைப் பிள்ளைகளுக்குக் கல்லூரி விசாரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த வாரத்தில் மின்ட்டிலிருந்து விம்கோ நகர் வரை ஒரு முறை போய்ப் பாருங்கள். சுவர், ஆட்டோ முதுகு, பேருந்தின் பக்கவாட்டு, டோல்கேட்டுக்கு அப்புறம் மெட்ரோ தூண் என்று கண்ணில் படுவதெல்லாம் கல்லூரி விளம்பரம். கோட்டு போட்ட பையன், லேப்டாப்போடு சிரிக்கும் பெண், பின்னால் கண்ணாடிக் கட்டடம், தலைக்கு மேலே "100 சதவீத வேலைவாய்ப்பு". படத்தில் இருக்கும் பெண் அந்தக் கல்லூரியில்தான் படித்தார் என்பதற்குக்கூட உத்தரவாதம் கிடையாது. போதாததற்கு வீட்டு போனும் ஓயாது. "உங்க பையனுக்கு ஸ்காலர்ஷிப் அலாட் ஆகியிருக்கு சார்" என்று யாரோ சொல்வார்கள். பையனின் பெயரும் மதிப்பெண்ணும் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

ஒரு கல்லூரியைப் பற்றி மூன்று இடங்களிலிருந்து செய்தி கிடைக்கும். கல்லூரி தானாகச் சொல்வது ஒன்று, அது விளம்பரம். சட்டத்துக்காகவும் அங்கீகாரத்துக்காகவும் எழுதிக் கொடுப்பது இரண்டாவது. கடைசி வருடம் படிக்கும் பிள்ளை கேட்டுக்கு வெளியே டீக்கடையில் சொல்வது மூன்றாவது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும். அதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. ஒரு போன், ஒரு நோட்டு, இரண்டு மூன்று வாரப் பொறுமை போதும். தேர்வு எழுதி முடித்த கையோடு தொடங்கிவிடுங்கள். முடிவு வந்த பிறகு தொடங்கினால் அவசரத்தில் எல்லாக் கல்லூரியும் நல்ல கல்லூரியாகத்தான் தெரியும்.

முதல் படி: அது என்ன வகைக் கல்லூரி?

பெயர்ப்பலகையை வைத்து இதைச் சொல்லிவிட முடியாது. அரசுக் கல்லூரி, அரசு உதவி பெறும் கல்லூரி, சுயநிதிக் கல்லூரி, தன்னாட்சிக் கல்லூரி, நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்று ஐந்தாறு வகை உண்டு. கட்டணம், சேர்க்கை, தேர்வு எல்லாம் வகைக்குத் தகுந்தபடி மாறும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தங்கள் சேர்க்கையைத் தாங்களே நடத்துகின்றன. பொறியியல் பொதுக் கலந்தாய்வில் அவற்றைத் தேடினால் கிடைக்காது. தன்னாட்சிக் கல்லூரியில் பாடத்திட்டம், கேள்வித்தாள், விடைத்தாள் திருத்துவது எல்லாம் கல்லூரியின் கையில். பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்துடையது. நன்றாக நடக்கும் இடத்தில் அது பெரிய வசதி. சுமாரான இடத்தில், எல்லோரையும் தேர்ச்சி பெற வைத்து அதையே பேனரில் போட்டுக்கொள்ளும் வசதி.

கலை அறிவியல் கல்லூரிகளில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. ஒரே கட்டடம், ஒரே பெயர், ஆனால் காலையில் உதவி பெறும் பிரிவு, மதியத்துக்கு மேல் சுயநிதிப் பிரிவு. முதலாவதில் அரசுச் சம்பளம் வாங்கும் பேராசிரியர்கள், குறைந்த கட்டணம். இரண்டாவதில் நிர்வாகம் நியமித்த ஆசிரியர்கள், பல மடங்கு கட்டணம். "இந்தக் காலேஜ் பேரு போதும்" என்று மனதைத் தேற்றிக்கொள்வதற்கு முன், இடம் எந்த ஷிஃப்டில் கிடைக்கிறது என்று கேளுங்கள்.

துறைமுகம் பக்கத்தில் இருப்பதால் நம் பகுதிக்கென்றே ஒரு ஆபத்து உண்டு. ஷிப்பிங், லாஜிஸ்டிக்ஸ், ஃபயர் அண்ட் சேஃப்டி, மெர்ச்சன்ட் நேவி என்று ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து நடத்தும் நிறுவனங்கள். "முடிச்சதும் ஹார்பர்ல வேலை, கப்பல்ல வேலை" என்பார்கள். கப்பல் வேலைக்கான பயிற்சி நிலையம் என்றால் மத்திய அரசின் கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த பட்டியலில் அதன் பெயர் இருக்க வேண்டும். ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்ட்டுக்கும் அதே இயக்குநரகத்தின் உரிமம் தேவை. இரண்டையும் அவர்களுடைய தளத்திலேயே தேடலாம். பட்டியலில் பெயர் இல்லை என்றால் அங்கே மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

இதே சோதனையை மற்ற தொழிற்படிப்புகளுக்கும் செய்ய வேண்டும். அனுமதி தர வேண்டிய அமைப்பு ஒவ்வொன்றுக்கும் வேறு. செவிலியர் படிப்புக்கு நர்சிங் கவுன்சில், மருந்தியலுக்கு பார்மசி கவுன்சில், சட்டத்துக்கு பார் கவுன்சில், பி.எட். படிப்புக்கு என்சிடிஇ (தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில்), பொறியியலுக்கு ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில்). "அப்ளை பண்ணியிருக்கோம், வந்துடும்" என்ற பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி தன் தளத்தில் வைத்திருக்கிறது; அதையும் ஒரு முறை புரட்டுங்கள்.

இந்த இடத்தில் தலைகீழான ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். விளம்பரமே செய்யாத கல்லூரிகள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. வியாசர்பாடியில் டாக்டர் அம்பேத்கர் அரசுக் கலைக் கல்லூரி, 1964 முதல் நடக்கும் பாரதி மகளிர் கல்லூரி, பொன்னேரியில் அரசுக் கல்லூரி, 1950-இல் தொடங்கிய பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரி. கடைசியாகச் சொன்ன கல்லூரியின் பெயரில் மெட்ரோ நிலையமே இருக்கிறது. ஆனாலும் தினமும் அதைக் கடந்து, ஓஎம்ஆரில் லட்ச ரூபாய் கட்டி பி.காம். படிக்கப் போகும் பிள்ளைகள் உண்டு. போவது தவறில்லை. பக்கத்தில் இருப்பதை விசாரிக்காமலே போவதுதான் வருத்தம். புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கப்பட்டது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய். ஆண் பிள்ளைகளுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டம். அரசுக் கலைக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் ஒரே இணையதளத்தில் விண்ணப்பம் போடலாம். செலவும் மிகக் குறைவு. எங்கே சேரப்போகிறீர்கள் என்று முடிவாகாவிட்டாலும் இதைப் போட்டு வையுங்கள்.

இரண்டாவது படி: கல்லூரி எழுதிக் கொடுத்த தாள்களைத் தேடுங்கள்

கல்லூரி இணையதளத்தின் முகப்பில் ஓடும் படங்களை விட்டுவிட்டு அடிப்பக்கத்துக்குப் போங்கள். சின்ன எழுத்தில் நாக், என்ஐஆர்எஃப், ஏஐசிடிஇ, கட்டாய வெளிப்படுத்தல் என்ற இணைப்புகள் இருக்கும். சரக்கு அங்கேதான் இருக்கிறது.

நாக் என்பது முழுக் கல்லூரிக்கும் தரும் தர மதிப்பீடு. 4-க்கு 3.51-க்கு மேல் என்றால் ஏ பிளஸ் பிளஸ், 3.01 முதல் 3.25 வரை என்றால் வெறும் ஏ, 2.01 முதல் 2.50 வரை என்றால் பி. பொதுவாக ஐந்து ஆண்டு செல்லும். பேனரில் இருப்பது எந்த ஆண்டு வாங்கிய தரம், காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள். தரத்தைவிட, அதற்காகக் கல்லூரி சமர்ப்பித்த சுய ஆய்வறிக்கைதான் நமக்குப் பயன்படும். நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும். ஆசிரியர் எண்ணிக்கை, மாணவர் எண்ணிக்கை, நூலகச் செலவு ஆகிய மூன்றை மட்டும் தேடி எடுங்கள். நாக் தரத்தையே வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். 2025 பிப்ரவரியில், ஆந்திராவில் உள்ள ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு நல்ல தரம் தர லஞ்சம் வாங்கிய வழக்கில் ஆய்வுக் குழுவினர் சிலரையே சிபிஐ கைது செய்தது.

என்பிஏ என்ற தர அங்கீகாரம் வேறு. அது கல்லூரிக்குத் தருவதல்ல, ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாகத் தருவது. மெக்கானிக்கலுக்கு வாங்கிய என்பிஏ முத்திரையை, போன வருடம் தொடங்கிய செயற்கை நுண்ணறிவுப் பிரிவின் விளம்பரத்திலும் ஒட்டியிருப்பார்கள். நீங்கள் கேட்கும் பிரிவுக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அண்ணா பல்கலைக்கழகம் தன்னோடு இணைந்த கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தைப் பருவத்தேர்வுவாரியாக வெளியிடுகிறது. தன்னாட்சி இல்லாத பொறியியல் கல்லூரி என்றால் இது தங்கச் சுரங்கம். எல்லோரும் எழுதியது ஒரே கேள்வித்தாள், கல்லூரி கை வைக்க முடியாத திருத்தம். ஒரு பருவத்தை மட்டும் பார்க்காமல் நான்கைந்து பருவங்களைப் பாருங்கள். பத்தில் ஏழு பேர் அரியர் வைக்கும் கல்லூரியில் உங்கள் பிள்ளை மீதி மூன்று பேரில் ஒருவர் ஆவார் என்று நம்பிச் சேர்ப்பது சூதாட்டம்.

அடுத்து, டிஎன்இஏ (தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வு) வெளியிடும் பழைய கட்-ஆஃப் பட்டியல். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கணக்கிடும் அதே கட்-ஆஃப்தான். கல்லூரிவாரியாக, பிரிவுவாரியாக, சமூகப் பிரிவுவாரியாகக் கடைசியாகச் சேர்ந்தவரின் மதிப்பெண் இருக்கும். மூன்று ஆண்டுகளை வரிசையாக வைத்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். ஊரெல்லாம் பேனர் வைத்த கல்லூரியின் கட்-ஆஃப் ஆண்டுக்கு ஆண்டு சரிகிறது என்றால், பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு உங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று தெரிந்திருக்கிறது.

மூன்றாவது படி: வேலைவாய்ப்புக் கணக்கைப் பிரித்துப் போடுங்கள்

பெற்றோர் மயங்குவதும் கல்லூரிகள் விளையாடுவதும் இங்கேதான். அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

ஒரு கல்லூரியில் ஓர் ஆண்டில் 180 பேர் சேர்ந்தார்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நான்கு ஆண்டில் ஒழுங்காக முடித்தவர்கள் 110. அவர்களில் அரியரே வைக்காமல், கல்லூரி நடத்தும் பயிற்சிக்கும் பணம் கட்டி, "தகுதியானவர்" பட்டியலில் இடம்பிடித்தவர்கள் 74. வேலை கிடைத்தவர்கள் 70. பேனரில் 95 சதவீதம் என்று வரும்; 74-க்கு 70 என்று பார்த்தால் அது பொய்யும் இல்லை. முடித்தவர்களில் பார்த்தால் 64 சதவீதம். சேர்ந்தவர்களில் பார்த்தால் 39. உங்கள் பிள்ளை நுழையப்போவது அந்த 180-க்குள்தான், 74-க்குள் அல்ல.

இந்தக் கணக்குக்குத் தேவையான எண்கள் என்ஐஆர்எஃப் படிவத்தில் இருக்கின்றன. மத்தியக் கல்வி அமைச்சகம் 2016 முதல் ஆண்டுதோறும் வெளியிடும் தரவரிசை இது. கலந்துகொள்ளும் கல்லூரி, ஓர் ஆண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், குறித்த காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று ஆண்டுவாரியாக எழுதிக் கொடுக்க வேண்டும். சமர்ப்பித்த படிவத்தைத் தன் தளத்திலும் போட வேண்டும். தரவரிசையில் எத்தனையாவது இடம் என்பதை நான் பெரிதாகப் பார்ப்பதில்லை. அந்தப் படிவத்தைத்தான் பார்ப்பேன்.

அதில் இடைநிலைச் சம்பளம் என்றும் ஒரு கட்டம் உண்டு. வேலை கிடைத்த எல்லோரையும் சம்பளவாரியாக வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது. பேனரில் 40 லட்சம் வாங்கிய ஒரே ஒரு பையனின் படம் இருக்கும். படிவத்தில் இடைநிலை ஆண்டுக்கு 3 லட்சம் என்றிருக்கும். மாதம் 25,000, அதிலும் பி.எஃப். உள்ளிட்டவை போகக் கைக்கு வருவது இன்னும் குறைவு. நான்கு வருடக் கட்டணத்தைக் கடனாக வாங்கினால் இந்தச் சம்பளத்தில் தவணை கட்ட முடியுமா என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

இதிலும் சில வித்தைகள் உண்டு. ஒரே மாணவர் மூன்று நிறுவனங்களில் தேர்வானால் மூன்று வேலை என்று எண்ணுவார்கள். பல கல்லூரிகள் சேர்ந்து நடத்தும் பொது முகாமைத் தங்கள் வளாக முகாம் என்பார்கள். மெக்கானிக்கல் படித்தவரைக் கால் சென்டரில் சேர்த்துவிட்டு அதையும் கணக்கில் வைப்பார்கள். நம் பகுதியைப் பொறுத்தவரை இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மணலி, எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகளின் சின்னங்களைப் பேனரில் வரிசையாகப் பார்த்தால், அங்கே போனவர்கள் நிரந்தர வேலைக்குப் போனார்களா, ஒரு வருட அப்ரென்டிஸாகப் போனார்களா என்று கேளுங்கள். அப்ரென்டிஸ் பயிற்சி கேவலமில்லை, நல்ல தொடக்கம்தான். ஆனால் அது உதவித்தொகையோடு ஒரு வருடத்தில் முடிந்துவிடும். அதற்கு வேலை என்று பெயர் வைக்கக்கூடாது.

கல்லூரி சொல்வதைச் சரிபார்க்க லிங்க்ட்இன் தளம் கைகொடுக்கும். கல்லூரியின் பெயரைப் போட்டு, படித்து முடித்த ஆண்டையும் பிரிவையும் வடிகட்டுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் முடித்த இருபது முப்பது பேர் இப்போது என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். வேலை கிடைத்தவர்கள்தான் அங்கே அதிகம் கணக்கு வைத்திருப்பார்கள். அதனால் படம் கொஞ்சம் பளபளப்பாகவே தெரியும். அப்படியிருந்தும் பாதிப் பேர் படிப்புக்குச் சம்பந்தமில்லாத வேலையில் இருந்தால் மேலே யோசிக்க வேண்டும்.

நான்காவது படி: பாடம் நடத்தப்போவது யார்?

கட்டடத்தைப் பார்க்கிறோம், ஏசி வகுப்பறையைப் பார்க்கிறோம், ஆசிரியரைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த 200-க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகளில், ஒரே ஆசிரியரின் பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஊழியராகக் காட்டப்பட்டிருந்தது. சிலருடைய பெயர் பத்துக் கல்லூரிகளுக்கு மேல். ஆய்வுக்கு வருபவர்களிடம் காட்டப் பெயர் இருந்தது, வகுப்பில் ஆள் இல்லை.

ஆகவே கல்லூரித் தளத்தில் உள்ள ஆசிரியர் பட்டியலை எடுத்து, அந்தத் துறையில் படிக்கும் மாணவர் ஒருவரிடம் காட்டுங்கள். "இதுல யார் யாரு உங்களுக்கு க்ளாஸ் எடுத்திருக்காங்க?" என்று கேட்டால் போதும். ஏஐசிடிஇ விதிப்படி பொறியியலில் 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும். துறைத்தலைவர் எத்தனை ஆண்டாக இருக்கிறார், போன வருடம் பாடம் நடத்தியவர்களில் எத்தனை பேர் இந்த வருடமும் இருக்கிறார்கள் என்பதையும் விசாரியுங்கள். ஆசிரியர்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறார்கள் என்றால் சம்பளம் ஒழுங்காக வரவில்லை என்று பொருள் கொள்ளலாம். அரசுக் கல்லூரிக்கும் ஒரு கேள்வி உண்டு. நிரந்தரப் பேராசிரியர் எத்தனை, கௌரவ விரிவுரையாளர் எத்தனை? இந்த விவரத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு எழுதிக் கேட்கலாம். பதிலுக்கு 30 நாள் வரை ஆகும் என்பதால் முன்னதாகவே போடுங்கள்.

புதிதாக முளைத்த பிரிவுகளில் இன்னும் கவனம் தேவை. 2024-25 முதல், தகுதியான கல்லூரிகளுக்கு இடங்களின் உச்சவரம்பை ஏஐசிடிஇ தளர்த்தியதால் கம்ப்யூட்டர் பக்கம் இடங்கள் பெருகிவிட்டன. இரண்டு செக்‌ஷன் இருந்த இடத்தில் ஆறு இருக்கலாம். செயற்கை நுண்ணறிவு, சைபர் செக்யூரிட்டி என்ற பலகை புதிது. உள்ளே பாடம் எடுப்பவர் நேற்று வரை வேறு துறையில் இருந்தவராக இருக்கலாம். முதல் செட் இன்னும் வெளியே வராத பிரிவுக்கு வேலைவாய்ப்புச் சதவீதம் சொன்னால், அது எந்தப் பிரிவின் கணக்கு என்று கேளுங்கள்.

ஐந்தாவது படி: ஆட்களைப் பிடியுங்கள்

வடசென்னையின் பெரிய பலம், இங்கே யாரும் யாருக்கும் அந்நியர் இல்லை என்பது. உங்கள் தெருவிலோ அடுத்த தெருவிலோ அந்தக் கல்லூரியில் படித்த ஒருவர் நிச்சயம் இருப்பார். பள்ளியில் பிளஸ் டூ எடுத்த ஆசிரியரிடம் கேட்டால் பழைய மாணவர்களின் எண் கிடைக்கும். டியூஷன் அக்கா, சர்ச் இளைஞர் குழு, கால்பந்து விளையாடும் பையன்கள் என்று எல்லாப் பக்கமும் சொல்லி வையுங்கள்.

யாரைக் கேட்பது என்பது முக்கியம். முதலாண்டு மாணவர் வேண்டாம். அவருக்கு இன்னும் புது உடுப்பு வாசனை போகவில்லை. மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவரையோ, முடித்து ஒன்றிரண்டு வருடமானவரையோ பிடியுங்கள். "காலேஜ் எப்படி?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கும்" என்றுதான் வரும். கேள்வியைக் கூர்மையாக்க வேண்டும். "தம்பி, உங்க க்ளாஸ்ல எத்தனை பேருக்கு அரியர் இருக்கு? லேப்ல நீங்களே கை வெச்சுப் பண்ணுவீங்களா, இல்ல தள்ளி நின்னு பாக்கறதா? சேரும்போது சொன்ன ஃபீஸைத் தவிர என்னென்ன கட்டினீங்க? லீவு போட்டா எவ்வளவு ஃபைன்? உன் சொந்தத் தம்பியை இங்க சேப்பியா?" கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் கவனியுங்கள்.

பெண் பிள்ளை என்றால் ஒரு மாணவியிடமும் தனியாகப் பேசுங்கள். புகார் கொடுத்தால் என்ன நடக்கும், உள்புகார்க் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று மாணவிகளுக்குத் தெரியுமா, கழிவறையில் தண்ணீர் வருகிறதா, கடைசி லேப் முடிந்து எத்தனை மணிக்கு வெளியே விடுகிறார்கள் என்பதெல்லாம் எந்தத் தளத்திலும் இருக்காது.

யூடியூப் விமர்சனங்களில் பாதி பணம் வாங்கிப் போடுவது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். கூகுள் மேப்ஸில் மிகக் குறைந்த மதிப்பீட்டிலிருந்து படியுங்கள். கோபத்தில் எழுதியதைத் தள்ளிவிட்டு, வேறு வேறு ஆட்கள் வேறு வேறு ஆண்டுகளில் ஒரே குறையைச் சொல்கிறார்களா என்று பாருங்கள். ஒரே வாரத்தில் ஐம்பது பேர் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தால் அது வீட்டுப்பாடமாகக் கொடுத்தது.

ஆறாவது படி: நேரில் போங்கள், அழைக்காத நாளில்

கல்லூரியே அழைக்கும் திறந்தவெளி நாள் கல்யாண வீடு மாதிரி. அன்றைக்கு எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். வகுப்பு நடக்கும் ஒரு சாதாரண செவ்வாயோ புதனோ பார்த்துப் போங்கள். மதியம் மூன்று மணிக்குப் போனால் உள்ளே ஒரு மணி நேரம், வெளியே ஒரு மணி நேரம் கிடைக்கும்.

உள்ளே அழைத்துப் போகிறவர் அரங்கத்தையும் ஜிம்மையும் காட்டுவார். நீங்கள் சேரப்போகும் துறையின் லேபைக் கேளுங்கள். இயந்திரத்தின் மேல் தூசு இருக்கிறதா, கம்ப்யூட்டர்கள் ஓடுகின்றனவா, சுவரில் கால அட்டவணை ஒட்டியிருக்கிறதா? நூலகத்தில் புத்தகம் எடுத்துப் போகும் பதிவேட்டில் கடைசித் தேதி என்ன? கேன்டீனில் ஒரு டீ குடியுங்கள். பிறகு வெளியே வந்து ஜெராக்ஸ் கடையில் நில்லுங்கள். பிராஜெக்ட் ரிப்போர்ட்டை ரெடிமேடாக விற்கும் கடையா அது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கல்லூரிப் பேருந்து ஓட்டுநர்களிடமும் பேச்சுக் கொடுங்கள். சம்பளம் நேரத்துக்கு வருகிறதா என்பதிலிருந்து நிர்வாகத்தின் நிலைமை புரியும்.

பயணத்தை மட்டும் கல்லூரி சொல்லும் கிலோமீட்டரை வைத்து முடிவு செய்யாதீர்கள். நம் பக்கத்துச் சாலைகளின் லட்சணம் தெரிந்ததுதான். எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி பக்கத்திலும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டினால் அரை மணி நேரப் பயணம் எவ்வளவு ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஓஎம்ஆர் கல்லூரிக்குப் போகும் பேருந்து திருவொற்றியூரிலிருந்து விடியற்காலையே கிளம்பிவிடும். கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் கவரைப்பேட்டை, பொன்னேரி பக்கம் என்றால் புறநகர் ரயில் மலிவு. ஆனால் ஒரு வண்டி விட்டால் அடுத்தது எப்போது என்று பாருங்கள். மழைக்காலத்தில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கினால் மாற்று வழி எது? பிள்ளையோடு ஒரு நாள் அதே நேரத்தில் போய் அதே நேரத்தில் திரும்பி வாருங்கள். தினமும் நான்கு மணி நேரம் பயணத்தில் போகும் என்றால், பேனரில் இருக்கும் ஜிம்மும் நூலகமும் பிள்ளைக்கு எட்டாத பொருள்.

ஏழாவது படி: பணத்தைப் பேசுங்கள், எழுதி வாங்குங்கள்

கலந்தாய்வு வழியாகச் சேரும் பொறியியல் இடத்துக்குக் கட்டண நிர்ணயக் குழு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2017-இல் நிர்ணயித்தபடி சுயநிதிக் கல்லூரியில் ஆண்டுக்கு 50,000. என்பிஏ பெற்ற பிரிவுக்கு 55,000. கல்லூரியே நிரப்பும் நிர்வாக இடத்துக்கு முறையே 85,000, 87,000. நீங்கள் சேரும் ஆண்டுக்கு உரிய தொகையை அரசின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் "டெவலப்மென்ட் ஃபீஸ்", "டிரெயினிங் ஃபீஸ்", "டொனேஷன்" என்று கேட்டால் ரசீது கேளுங்கள். தமிழ்நாட்டில் நன்கொடை வாங்குவதைத் தடுக்கும் சட்டம் 1992 முதலே இருக்கிறது. ரசீது தராமல் வாங்கும் பணம் எது என்று அவர்களுக்கும் தெரியும்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவருக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் பொறியியல் போன்ற தொழிற்படிப்பில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. முதல் பட்டதாரிச் சலுகை, எஸ்.சி., எஸ்.டி. மாணவருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை ஆகியவையும் இருக்கின்றன. கல்லூரியில் கேட்க வேண்டியது: "உதவித்தொகை வர்ற வரைக்கும் காத்திருப்பீங்களா, இல்ல நாங்க முதல்ல கட்டணுமா? பணம் வரலைன்னா ஹால் டிக்கெட்டை நிறுத்துவீங்களா?" இதே கேள்வியை அங்கே படிக்கும் மாணவரிடமும் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் சரி.

வியாசர்பாடி கால்பந்து, காசிமேடு குத்துச்சண்டை, கேரம் என்று விளையாட்டில் பெயரெடுத்த பிள்ளைகளைத் தேடிக்கொண்டும் கல்லூரிகள் வரும். "ஃபீஸே வேணாம், எங்க டீமுக்கு ஆடினா போதும்" என்பார்கள். நல்ல வாய்ப்புதான். கட்டணச் சலுகை எத்தனை ஆண்டுக்கு, காலில் அடிபட்டு ஆட முடியாமல் போனால் என்ன ஆகும், போட்டிக்குப் போன நாட்களுக்கு வருகைப்பதிவு உண்டா என்று கல்லூரியின் தாளில் கையெழுத்தோடு வாங்குங்கள். பயிற்சியாளரின் வாய்மொழி அவர் வேறு கல்லூரிக்கு மாறும் வரைதான்.

எட்டாவது படி: ஏஜென்ட், கலந்தாய்வு, சான்றிதழ்

போனில் பேசும் "அட்மிஷன் ஆபீசர்" பெரும்பாலும் ஏஜென்ட். பிள்ளையைச் சேர்த்துவிட்டால் அவருக்குக் கமிஷன். அவர் சொல்லும் "இன்னைக்குள்ள கட்டினா 50 சதவீதம் தள்ளுபடி" என்பது நாளைக்கும் இருக்கும். காலியாகக் கிடக்கும் இடத்துக்கு அவசரம் அவர்களுக்குத்தான்.

கலந்தாய்வில் விருப்பப் பட்டியலைப் பிள்ளையே பதிய வேண்டும். "நாங்களே இலவசமாகப் போட்டுத் தர்றோம்" என்று கல்லூரி ஆட்களோ பிரவுசிங் சென்டரோ சொன்னால் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் கொடுத்துவிடாதீர்கள்; பட்டியலில் முதலிடத்துக்கு அவர்கள் கல்லூரி வந்துவிடும். வீட்டில் இணைய வசதி இல்லையென்றால் அரசின் டிஎன்இஏ சேவை மையத்துக்குப் போகலாம். எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம் என்பதால், நிஜமாகவே விருப்பமான வரிசையில் போடுங்கள். கிடைத்தால் சேரமாட்டோம் என்று தெரிந்த கல்லூரியைப் பட்டியலை நிரப்புவதற்காகச் சேர்க்காதீர்கள்.

கலந்தாய்வுக்கு முன்பே அசல் சான்றிதழ்களைக் கேட்கும் கல்லூரி பிள்ளையைக் கட்டிப்போடத்தான் கேட்கிறது. யுஜிசி 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பின்படி அசலைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். அதே அறிவிப்பில் கட்டணத்தைத் திருப்பித் தரும் விதியும் இருக்கிறது. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால் முழுத் தொகை. அதில் சிறு தொகையை மட்டும் நடைமுறைச் செலவாகப் பிடிக்கலாம். அந்தத் தேதிக்கு முந்தைய 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம், கடைசித் தேதி தாண்டி 15 நாள் வரை 80, முப்பது நாள் வரை 50, அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. ஆகவே வேறு இடம் கிடைத்துவிட்டால் போனில் சொல்லிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். விலகல் கடிதத்தைத் தேதியோடு எழுதி, நகலில் கல்லூரி முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பிவிட்டு, அந்த ரசீதையும் கட்டணம் கட்டிய ரசீதையும் சேர்த்து யுஜிசியின் இ-சமாதான் தளத்தில் புகார் பதியுங்கள்.